எங்கள் மொட்டைமாடிக்குக் கொடுக்காத அலைவரிசை

என் மகன் சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்த காலம் அது. திருப்பூரில் அப்போதுதான் கம்பெனிக்காரர்கள் கையில் செல்போன் வர ஆரம்பித்திருந்தது. நாங்கள் இருந்த நெருப்பெரிச்சல் பக்கம் டவர் சரியாகக் கிடைக்காது. வீட்டுக்குப் போன் கேட்டு எழுதிக் கொடுத்தும் வந்தபாடில்லை. அதனால் அவன் கப்பலிலிருந்து பேச வேண்டுமானால் நான் வேலை செய்த பனியன் கம்பெனி ஆபீசுக்குத்தான் கூப்பிடுவான்.

நான் அங்கே செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் பனியனில் பிசிறு வெட்டி, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. "அக்கா, கப்பல் போன்" என்று யாராவது கத்தினால் கத்தரியைப் போட்டுவிட்டு ஓடுவேன். ஓடி என்ன? ஆபீசுக்குள் முதலாளி இருப்பார், கணக்கர் இருப்பார், கட்டிங் மாஸ்டர் வந்து நிற்பார். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அப்படித்தான். ரிசீவரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "நல்லா இருக்கறயா கண்ணு? சாப்புட்டயா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். மனசுக்குள் இருந்தது மனசுக்குள்ளேயே திரும்பி வரும்.

இதை அவன் கவனித்திருக்கிறான். ஒரு தடவை லீவுக்கு வந்தபோது பையிலிருந்து செங்கல் மாதிரி ஒரு போனை எடுத்து வைத்தான். பக்கவாட்டில் பாகற்காய் பருமனில் ஒரு குழாய். மடக்கி நிமிர்த்தலாம்.

"சேட்டிலைட் போனுங்கம்மா. கூட வேலை செய்யறவன்கிட்ட வாங்குனது. கம்பியும் வேண்டாம், டவரும் வேண்டாம். கப்பல் போன்ல இருந்து இதுக்குப் பேசுனா எனக்கும் செலவு கம்மி. இனி அந்த ஆபீசுல போயி நீங்க நெளிய வேண்டாம்."

என் கூச்சத்துக்காக ஒரு பிள்ளை கடல் தாண்டி ஒரு பொருள் வாங்கி வருவானா என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவன் கப்பலேறிப் போன பிறகுதான் அந்தப் போனின் குணம் தெரிந்தது. அதற்குத் தலைக்கு மேல் வானம் வேண்டும். வீட்டுக்குள் எடுத்தால் ஊமை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். மொட்டைமாடிக்குப் போனேன். யார் கண்ணிலும் படக்கூடாதென்று படிக்கட்டுத் தகரத்துக்கு அடியில் ஒண்டி நின்றேன். அங்கேயும் சிக்னல் எடுக்கவில்லை. கடைசியில் நடு மாடியில், துணி காயும் கொடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றால்தான் மணி அடித்தது. ஆபீசில் நாலு பேர். இங்கே தெருவே பார்க்கிறது. எதிர்வீட்டு மாடியில் வற்றல் காயவைத்தவர்கள் கையை இடுப்பில் வைத்து நின்றுவிட்டார்கள்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் பேசும்போது கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் மதிக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் போனிலோ, பேச்சு வானத்துக்குப் போய் இறங்கி வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஒரு பக்கம் சத்தம் வந்தால் மறுபக்கம் அறுந்துபோகும். நான் "ம்... ம்..." என்று கொட்டக் கொட்ட அவன் பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"அம்மா, உம் கொட்டாதீங்க. நான் பேசறது அறுந்து போகுது."

"சும்மா இருந்தா நான் கேக்கறனா இல்லையான்னு உனக்கு எப்படிக் கண்ணு தெரியும்?"

கொஞ்ச நேரம் கழித்து அவன் சிரிப்பு வந்தது. எங்கேயோ கடலுக்கு நடுவிலிருந்து கிளம்பி, வானத்தில் ஏறி, எங்கள் மாடியில் வந்து இறங்கிய சிரிப்பு. வாரம் முழுவதும் பிசிறு வெட்டும்போது அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த தடவை பேசும்போது அவன் சொன்னான்: "பொங்கல் கழிச்சு ஊருக்கு வந்துருவேனுங்கம்மா. வரும்போது இதே மாதிரி இன்னொண்ணு கொண்டாறேன். பெரியம்மா ஊட்டுல ஒண்ணு இருந்தா நீங்க ரெண்டு பேரும் பேசிக்கலாம்." என் அக்கா மூலனூரில் இருந்தாள். எனக்குச் சந்தோஷம்தான்.

எங்கள் தெருக்கோடியில் டெலிபோன் இலாகாவில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருந்தார். நான் மாடியில் நிற்பதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை வாசலில் வந்து நின்றார்.

"ஏனம்மிணி, அந்தக் கொம்பு வெச்ச போனுக்கு லைசென்சு இருக்குதா?"

"போனுக்கு எதுக்குங்கண்ணா லைசென்சு? அது என்ன லாரியா?"

"நீங்க தாராபுரத்துப் பக்கந்தான? அமராவதி வாய்க்கால் தண்ணியை உங்கப்பன் நெனச்ச நேரத்துக்கு மடை தொறந்து உட்டுக்கிட்டாரா?"

"இல்லீங்க. மொறை வந்தாத்தான்."

"ஆகாசத்துலயும் அதே கதைதான். ரேடியோவுக்கு ஒரு அலைவரிசை, போலீசுக்கு ஒண்ணு, ஏரோப்பிளேனுக்கு ஒண்ணுன்னு கவர்மெண்டு பிரிச்சு உட்டிருக்குது. சேட்டிலைட் போனுக்கும் தனியா உண்டு. ஆனா அது யாருக்குன்னு டில்லிதான் சொல்லோணும். கப்பலுக்குக் குடுத்திருக்கறாங்க. உங்கூட்டு மொட்டமாடிக்குக் குடுக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"கண்ணுக்கே தெரியலையேங்கண்ணா. நான் ஒரு வார்த்தை பேசுனா யாருக்குக் கொறைஞ்சு போகுது?"

"கொறையறது ஒருபக்கம் இருக்கட்டும். யாரு எங்கிருந்து பேசறாங்கன்னு கவர்மெண்டுக்குத் தெரியாமப் போயிருமல்லோ? அதுதான் பயப்படறாங்க. ஏர்போர்ட்டுல இதோட புடிச்சா உள்ள வெச்சிருவாங்க. கப்பல் வேலையும் அதோட சரி. பையன் போன தடவை தப்பிச்சது அவன் நல்ல நேரம்."

போனது போகட்டும், அவன் இன்னொன்று வாங்கிக்கொண்டு வருகிறானே! பொங்கல் பக்கத்தில் வந்துவிட்டது. எந்தத் துறைமுகத்தில் இறங்கி எப்போது விமானம் ஏறுவான் என்று யாருக்குத் தெரியும்?

"இப்பவே இதுல கூப்புட்டுச் சொல்லிப்போடட்டுங்களா?" என்றேன்.

"அம்மிணி! வேண்டாமுன்னு சொல்றதுக்கே அதையா எடுப்பீங்க? கம்பெனி போன்ல பேசுங்க. அதுல வெளிநாட்டு லைன் இருக்குமல்ல. கப்பல் நெம்பரு இதுலயே இருக்கும், நான் பாத்துச் சொல்றேன்."

முதலாளியிடம் போய் நிற்பதற்கே எனக்குத் தைரியம் தேவைப்பட்டது. தூணோரம் நின்று மென்று விழுங்கிச் சொன்னேன். "அதுக்கென்னுங்கம்மா, பேசுங்க" என்று கணக்கரிடம் நம்பரைப் போடச் சொன்னார். டீ நேரம் வேறு. செக்கிங் பெண்கள் அத்தனை பேரும் டம்ளரோடு வாசலில் கூடிவிட்டார்கள். கணக்கர் இங்கிலீஷில் யாரிடமோ என்னவோ பேசி, "கூப்பிடப் போயிருக்காங்க" என்று ரிசீவரை என் கையில் கொடுத்தார்.

"அம்மா? ஏனுங்கம்மா, என்னாச்சு?" அவன் குரலில் பதற்றம்.

நான் மெதுவாகச் சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை. "என்னுங்க?" என்றான். அவன் பேசும்போது நான் பழக்கதோஷத்தில் உம் கொட்டிவிட்டேன். கப்பல் பேச்சும் வானம் வழியாகத்தானே வரும், அவன் சொன்னது அறுந்தது. முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவன் முடிக்கும்வரை நின்றேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"கண்ணு, அந்தப் போனைக் கொண்டாராதே! ஒண்ணும் வேண்டாம். இங்க கவர்மெண்டு நமக்கு ஆகாசத்தைப் பிரிச்சுக் குடுக்கலயாமா. ஏர்போர்ட்டுல புடிச்சுக்குவாங்களாம். யாருகிட்ட வாங்குனயோ அவன்கிட்டயே குடுத்துட்டு நீ மட்டும் வா!"

பின்னால் ஒருத்தி, "அக்காளுக்குள்ள இவ்வளவு சத்தம் இருந்துதா!" என்றாள். இன்னொருத்தி, "ஆகாசத்துல பங்கு கேட்டு வழக்குப் போடுங்கக்கா" என்றாள். கட்டிங் மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. அந்த இடைவெளி இருக்கிறதே, என் வார்த்தை மேலே போய் அவனைத் தொட்டுத் திரும்பி வரும்வரை, அது முடியவே முடியாது போலிருந்தது.

"எங்கிருந்துங்கம்மா பேசறீங்க?"

"கம்பெனி ஆபீசுல."

"எல்லாரும் இருக்கறாங்களா?"

"இருக்கறாங்க. அதுக்கென்ன இப்ப?"

"சரிங்கம்மா. கொண்டாரல. திருப்பிக் குடுத்தர்றேன்."

அதோடு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. போன லீவில் வந்தபோது இருந்த கால் புண் ஆறியதா, கப்பலில் காற்று அதிகமா, யாராவது திட்டுகிறார்களா என்று இத்தனை வருஷம் கேட்காததையெல்லாம் அங்கேயே நின்று கேட்டேன். முதலாளி வேறு பக்கம் திரும்பி ஏதோ துணியைப் பார்ப்பது போல் உட்கார்ந்திருந்தார். புண்ணியவான்.

வீட்டிலிருந்த போனை லைன்மேன் அண்ணன் துணையோடு இலாகா ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கிருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பாட்டுக் கேக்குமா?" என்றார். பிறகு மேலதிகாரிகளைக் கேட்டு, எங்களை எச்சரித்து அனுப்பினார்கள்.

சொன்னபடி பொங்கல் கழிந்து வந்தான். ஏர்போர்ட்டில் அவன் பையை அடிவரைக்கும் கொட்டிப் பார்த்தார்களாம். ஒவ்வொரு சட்டையாக உதறி, பால்பவுடர் டப்பாவைத் திறந்து முகர்ந்துகூடப் பார்த்தார்களாம். "அந்தப் போனு மட்டும் இருந்திருந்தா அங்கயே மாட்டியிருப்பேனுங்கம்மா" என்றான், சோற்றைப் பிசைந்துகொண்டே. நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினான். நீட்டிய கை மேலேயே ஊற்றிவிட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம்.