நூற்று நாற்பது சாமிகளைக் கும்பிட்டவர்

எங்கள் ஸ்டுடியோவில் அவரை எல்லோரும் ‘பக்தர்’ என்றுதான் கூப்பிடுவோம். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பதினோரு வருடங்களில் நூற்று நாற்பது சாமிகளைக் கும்பிட்டவர். ஒன்றில்கூட நம்பிக்கை கிடையாது. ஸ்டுடியோவுக்கு வெளியே இருக்கும் சாமிகளிலும் கிடையாது.

நாங்கள் எடுத்தது ஒரு விண்வெளித் தொடர். வருடத்துக்குப் பதின்மூன்று வாரம் ஓடும், வாரம் ஒரு கிரகம். கப்பல் இறங்கும்போது அங்கே ஜனங்கள் எதையாவது விழுந்து கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பேசும் தூண், பச்சைப் புகை, எப்போதோ விழுந்த கப்பலின் ஒலிப்பதிவுக் கருவி, இப்படி ஏதோ ஒன்று. கேப்டன் சாமிக்குப் பின்னால் போய்ப் பார்ப்பார். ஒரு வயர் இருக்கும். பிடுங்குவார். ஜனங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து நன்றி சொல்வார்கள். கப்பல் கிளம்பிவிடும். “இந்த வாரச் சாமிக்கு வயர் எந்தப் பக்கம்?” என்பதுதான் காலையில் செட்டுக்குள் நுழைகிற எலக்ட்ரீஷியனின் முதல் கேள்வி.

கும்பிடும் கூட்டத்தில் முதல் வரிசை, இடது ஓரம், பக்தருடைய இடம். அதற்கு முன்பு ஒரு அச்சகத்தில் பைண்டராக இருந்தவர். இருபது வருடம் தரையில் முழங்கால் போட்டுப் புத்தகம் தைத்ததில், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் மண்டியிட்டிருக்கும் கால் அவருக்கு வாய்த்திருந்தது. அச்சகத்தை மூடியதும் யாரோ சொல்லி இங்கே வந்தார். முதல் நாளே மற்றவர்கள் பத்து நிமிடத்தில் ‘அம்மா’ என்று முனகியபோது இவர் மட்டும் அசையாமல் இருந்தார். டைரக்டர், “அவர் பெரிய பக்தர்யா” என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு கும்பிடு வேண்டும். அதையும் இவரே உண்டாக்கிக் கொடுப்பார். உள்ளங்கையால் காதை மூடிக் குனிவது, விரலால் தரையில் வட்டம் போடுவது என்று வகைவகையாக. நான் நோட்டில் குறித்துக்கொள்வேன். என் வேலை கன்டினியூட்டி. ஒரே காட்சியைத் தூரத்திலிருந்து ஒரு தடவை, கிட்டத்திலிருந்து ஒரு தடவை எடுப்பார்கள். தூரத்தில் இடது கையில் இருந்த தடி கிட்டத்தில் வலது கைக்குத் தாவினால், வீட்டில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அப்படித் தாவாமல் பார்த்துக்கொள்கிறவள் நான். ஒரு பொத்தானுக்காக அரை நாள் வேலையைத் திரும்ப எடுக்க வைத்தவள் என்று எனக்குப் பின்னால் பேசுவார்கள். முன்னால் வந்து சொல்லட்டுமே, அந்தப் பொத்தானை இப்போதும் காட்டுவேன்.

பக்தருக்கு ஒரு சந்தேகம் உண்டு. எழுத்தாளரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

“தம்பி, வயரப் புடுங்கியாச்சு. கப்பல் கெளம்பியாச்சு. மறுநாள் காலைல இந்த ஜனங்க எந்திரிச்சு என்ன பண்ணுவாங்க?”

“மறுநாள் வேற கிரகம்ண்ணே.”

“அது உங்களுக்கு. அவங்களுக்கு அதே கிரகந்தானே?”

எழுத்தாளர் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். நான் ஒன்றும் பெரிய பக்தை இல்லை. ஆனால் எங்கள் தொடரில் கும்பிடுகிறவன் என்றால் ஏமாளி, அல்லது ஏமாற்றுகிறவன். மூன்றாவதாக ஒரு ஆள் வந்ததே இல்லை. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை எழுத்தாளருக்கே மனசு உறுத்தினால், ஒரு வெளிச்சம் வந்து மெல்லிய குரலில் புரியாத எதையாவது பேசிவிட்டு மறையும். கொஞ்சம் பயத்தோடும் கொஞ்சம் சந்தேகத்தோடும் தினமும் காலையில் எதையோ கேட்டுவிட்டு வேலைக்குப் போகிற ஆளை அவர்களுக்கு எழுதத் தெரியவில்லை. அப்படிப்பட்டவர்கள்தான் ஊரெல்லாம் இருக்கிறார்கள். பக்தரின் வீட்டிலேயே ஒருவர் இருந்தார்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் கிழிந்த துணி தைக்கும் வேலை. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். காலையில் கிளம்பும் முன் ஜன்னலருகே நின்று, கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ சொல்வாராம். பிறகு விரல் முட்டியால் ஜன்னல் சட்டத்தைத் தட்டுவாராம்.

“ரெண்டு தட்டு. யாரோ உள்ள இருந்து கதவத் தெறக்கப் போற மாதிரி” என்று பக்தர் எங்களுக்கு நடித்துக் காட்டுவார். “பதினோரு வருஷமா ஒரே வேண்டுதல், தங்கச்சி. எனக்கு ஒரு டயலாக் கெடைக்கணுமாம். அவ சாமிக்கு நம்ம ஸ்டுடியோ அட்ரஸ் தெரியல போல.”

கேலி செய்வாரே தவிர, அந்தத் தட்டலை எந்தக் கிரகத்துக்கும் அவர் கொடுத்ததில்லை. கும்பிடுக்குப் பஞ்சம் வந்த வாரம் நானே கேட்டேன். “அது வேணாம்மா, வீட்டுது” என்று முடித்துவிட்டார்.

போன வருடம் தலைமைப் பூசாரி வேடம் போட இருந்தவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. டைரக்டர் சுற்றிப் பார்த்துவிட்டு, “பக்தரே, நீங்க பேசுங்க” என்றார். இரண்டு நாள் கழித்து எடுக்க வேண்டிய காட்சி. பக்தர் அப்போதே வீட்டுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் அண்ணி அழுதது எனக்கே கேட்டது.

வசனத் தாள் அதற்குப் பிறகுதான் கைக்கு வந்தது. கேப்டன் வயரைப் பிடுங்கியதும் பூசாரி சொல்ல வேண்டியது:

“இத்தனை நாளும் நாங்கள் கும்பிட்டது வெறும் இயந்திரத்தை. எங்கள் குரல் யார் காதிலும் விழவே இல்லை.”

படித்துவிட்டு முகம் தொங்கிப்போய் என்னிடம் வந்தார்.

“என்ன டயலாக்னு இப்பத் திரும்பப் போன் பண்ணி அவ கேட்டா. ‘வாங்க கேப்டன்’னு சொல்லணும்னு பொய் சொல்லிட்டேன்.”

“ஏன்ண்ணே? உங்களுக்குத்தான் சாமியே கெடையாதே. இது நீங்க தெனமும் சொல்றதுதானே?”

“நான் சொல்றது வேற. இது அவ கேட்டு வாங்கின டயலாக். அதுலயே, யாரும் கேக்கலைன்னு அவ மூஞ்சியப் பாத்து நான் சொல்லணுமா?”

எழுத்தாளரிடம் போனார். இரண்டாவது வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். “அதாண்ணே பஞ்ச். வேணாம்னா சொல்லுங்க, பக்கத்துல இருக்கறவரப் பேச வைக்கிறோம்” என்றார் எழுத்தாளர். பேசினால் மனைவியின் மனசு உடையும். பேசாவிட்டால் அவர் பதினோரு வருடம் காத்திருந்தது கையை விட்டுப் போகும். அன்று முழுக்க மனிதர் சாப்பிடவில்லை. நானும் ஆறுதல் சொல்லத் தெரியாதவள். “சொல்றதச் சொல்லிட்டுப் போங்க” என்று கடுகடுத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போதும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

படப்பிடிப்பு அன்று முதலில் தூரத்திலிருந்து எடுத்தார்கள். பக்தர் பேசினார், எழுந்தார், கேப்டனுக்குப் பின்னால் வெளியே போனார். சுத்தம். அடுத்து கேமராவைக் கிட்டே கொண்டுவந்தார்கள். மறுபடியும் பேசினார். எழுந்து, அணைந்துபோன அந்தத் தகரச் சாமியைத் தாண்டும்போது, அவர் கை தானாக நீண்டது. விரல் முட்டியால் அதன் விலாவில் தட்டினார். டொக், டொக். பிறகு நடந்து போனார்.

டைரக்டரின் கண் கேப்டன் மேல் இருந்தது. என்னிடம் திரும்பி, “கன்டினியூட்டி ஓகேவா?” என்றார்.

ஓகே இல்லை. தூரத்தில் தட்டு இல்லை, கிட்டத்தில் இருக்கிறது. பச்சைக் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். பேனா என் கையில்தான் இருந்தது.

“ஓகே சார்” என்றேன்.

என் பிழைப்பில் தெரிந்தே விட்ட ஒரே பிழை அது. பக்தர் என்னைப் பார்த்தார்; நான் நோட்டைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பு. “நீயும் வாம்மா, தனியா அவ மூஞ்சிய என்னால பாக்க முடியாது” என்று என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். சின்ன அறை. கட்டிலில் நானும் அண்ணியும், வாசலோரம் நாற்காலியில் அவர், எப்போது வேண்டுமானாலும் ஓடத் தயாராக. அண்ணி புதுப் புடவை கட்டியிருந்தார்.

கேப்டன் வயரைப் பிடுங்கினார். திரை முழுக்கப் பக்தரின் முகம் வந்தது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். வசனம் வந்தது. இரண்டாவது வாக்கியமும் வந்தது. பிடி தளரவில்லை. பிறகு திரையில் அந்தத் தட்டு. டொக், டொக். கப்பல் கிளம்பியது, பாட்டு வந்தது, விளம்பரம் வந்தது.

“இதுதான் ‘வாங்க கேப்டனா’?” என்றார் அண்ணி.

பக்தர் தலையைத் தூக்கவில்லை. “எழுதிக் குடுத்தாங்க. வேற வழி தெரியல.”

“சொன்னதெல்லாம் நல்லாத்தான் சொன்னீங்க. அது அந்தத் தகர டப்பாவப் பத்தி. எனக்கென்ன அதுல?” அண்ணி எழுந்து டிவியை அணைத்தார். “ஆனா தட்டினது தப்பு.”

“தெரியாமத் தட்டிட்டேன்.”

“ரெண்டு இல்லீங்க. மூணு.”

பக்தர் நிமிர்ந்து பார்த்தார். “மூணா? தெனமும் ரெண்டுதானே?”

“ரெண்டு ஜன்னல்ல. மூணாவது, செருப்ப மாட்டறப்போ, உங்க கட்டில் கால்ல. நீங்க போர்வைய இழுத்து மூடிக்கிட்டுத் தூங்கற மாதிரி நடிப்பீங்களே, அப்போ.”

“எனக்கு எதுக்கு?”

“நீங்களும்தான் நான் சொல்றதக் கேக்கறதில்லையே. இருந்தாலும் தட்டிப் பாக்கறதுதான்.”

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கிவிட்டது. பதினோரு வருடம் விதவிதமாக மண்டியிட்ட மனிதர், அன்று என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அண்ணி தேநீர் போட உள்ளே போனார்.

மறுநாள் செட்டில் புதுக் கிரகம், புதுச் சாமி. எழுத்தாளர் அந்தப் பக்கமாக வந்தபோது பக்தர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. நான்தான் பக்தரிடம், “மறுநாள் காலைல என்ன நடந்துச்சுண்ணே?” என்று கேட்டேன்.

“தட்டிட்டு வேலைக்குப் போயிட்டாம்மா” என்றார். “இன்னைக்கு முழிச்சுக்கிட்டே படுத்திருந்தேன்.”

நான் பழைய நோட்டை எடுத்து, ஓகே என்று எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பினேன். பிழை என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் எழுதினேன்: ‘ஒரு தட்டு குறைவு.’