பதுங்குகுழியான கான்

பள்ளிக்கூடம் மூடிக்கிடந்த வருடம் பாடமெல்லாம் போனில்தான் வந்தது. போனுக்குச் சிக்னல் வேண்டுமென்றால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏறி, மழைத்தண்ணீர் வடிவதற்காக வெட்டியிருந்த கானுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அண்ணனும் நானும் ஒருநாள் தவறாமல் ஏறினோம். கல்வி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு யுத்தம்.

எங்கெங்கோ இருக்கிறவர்கள் போனிலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்து சுட்டுக்கொள்கிற விளையாட்டு அது. சுடுவதற்கு எல்லோருக்கும் ஆசை, குழி வெட்டத்தான் ஆள் கிடைக்காது. அண்ணன் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடிப்போய்ப் பதுங்குகுழி வெட்டினான். அப்பா தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அங்கயும் நமக்கு மம்பட்டியத்தான் குடுத்தானுங்களா?”

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனாலும் அவன் வெட்டிய குழியெல்லாம் அப்பா வெட்டுகிற மாதிரியே ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். ஏனென்று கேட்டேன். “தண்ணி ஓடணும்ல” என்றான். மழையே பெய்யாத போர்க்களத்தில் தண்ணீருக்கு வழி வைத்த ஒரே வீரன் என் அண்ணனாகத்தான் இருப்பான்.

போனில் சார்ஜ் தீர்ந்த பிறகும் எங்கள் யுத்தம் தீரவில்லை. அப்பா வெட்டிய கானிலேயே இறங்கிப் பதுங்கினோம். எதிரி கீழ்ப்பக்கமாக வந்துவிடுவான் என்று அண்ணன் சொன்னதால், பழைய உரச் சாக்குகளில் மண்ணை நிரப்பி அந்த முனையை அடைத்தோம். ஏழு மூட்டை. மூன்றை நானே இழுத்து வந்தேன், அதில் எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. கானில் போக வழியில்லாத தண்ணீர் மேட்டுக்குள் இறங்கி, லயத்தின் கடைசிக் காம்பராமேல் மண்ணைச் சரித்துவிட்டது. அது அத்தையின் வீடு. அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து அடுப்படியில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள்.

லயமே அங்கே ஓடியது. அப்பா மட்டும் மேட்டில் ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன். மூட்டைகளைப் பார்த்ததும் கொஞ்சம் நின்றார். பிறகு ஒவ்வொன்றாக இழுத்து, மண்ணைக் கொட்டிவிட்டு, வெறும் சாக்குகளைச் சுருட்டிப் புதர்ப் பற்றைக்குள் வீசினார். தண்ணீர் கானில் இறங்கி ஓடியது.

“வீட்டுக்குப் போ. நீ இந்தப் பக்கம் வரவே இல்ல, வெளங்குதா?”

மழையில் நனைந்ததற்கு அம்மாவிடம் அடி வாங்காமல் என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தையைத் தோண்டி எடுத்தபோது உயிர் இல்லை. கான் இருந்தும் தண்ணீர் ஏன் இந்தப் பக்கம் வந்தது என்று அத்தையின் புருஷன், எங்கள் மாமா, கேட்டார்.

“நாந்தான் மச்சான், மண்ண அள்ளாம வுட்டுட்டேன்” என்றார் அப்பா.

அதற்குப் பிறகு மாமா அப்பாவிடம் பேசியது ஒரே ஒரு தடவைதான். அண்ணன் கொழும்புக்குப் போனவன், தீபாவளிக்குக்கூட வருவதில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று மாமா வீட்டு வாசல்வரைக்கும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். சொன்னால் அப்பா இத்தனை வருடம் சுமந்தது வீணாகிவிடும், சொல்லாவிட்டால் அவர் சுமந்துகொண்டேதான் இருப்பார். எந்தப் பக்கமும் எனக்கு வழி தெரியவில்லை.

மாமா பேசிய அந்த ஒரு தடவை, செத்த மறுநாள் அத்தையை அடக்கத்துக்கு எடுக்கிற நேரம். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அப்பா கொண்டுவந்து நீட்டினார். மாமா வாங்கவில்லை.

“அக்கா மண்ணுக்குள்ள கெடக்கிறப்ப நீ மேட்டுல ஏறி ஓடுன. ஒன் கோடி அவளுக்கு வேணாம்.”

ஊரே பார்க்க அப்பா அந்தச் சேலையோடு நின்றார். மாமாவின் கோபமெல்லாம் அப்பாமேல்தான், எங்கள்மேல் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. ‘தப்பிச்சிட்டோம்’ என்று அண்ணன் காதில் சொன்னேன். அவன் ஏன் அப்படித் தேம்பித் தேம்பி அழுதான் என்று எனக்கு அப்போது புரியவில்லை.