அலை மூடிய பாதை

இங்கிலாந்தில் ஒரு சிறு தீவின்மேல் பழைய கோட்டை இருக்கிறது. கடல் வற்றும் சில மணி நேரம்தான் அங்கே நடந்து போகலாம். எங்கள் ஊர் தின்கன்ஜூனில் பள்ளியில் சரித்திரம் கற்பித்த காலமெல்லாம் அதைப் பார்க்க ஏங்கினேன். என் வகுப்பில் தூங்கி வழிந்த மைத்துனன், மகனைப் பார்க்க லண்டன் கிளம்பியபோது, ஒருநாள் அங்கே போய்வரத் திட்டமிட்டான். எனக்கு வயிறெரிந்தது.

"எத்தனை மணிக்குப் போகணும், அத்தான்?"

"எப்ப வேணும்னாலும் போ."

"தண்ணி இருந்தா?"

"நம்மூர் லத்தா தெருவுல மழைத் தண்ணியில நடக்கிற மாதிரி லுங்கியத் தூக்கிக்கிட்டு நட."

சிரித்தான், நம்பினான்.

திரும்பி வந்து புகைப்படம் காட்டினான். பாதையை அலை மூடியிருந்தது. கரையில் கால்சட்டையை மடித்துவிட்டு நின்றிருந்தான்.

"உள்ள போக முடியல. ஆனா நீங்க சொல்லித்தானே அத்தான் அப்படி ஒரு இடம் இருக்கிறதே தெரியும்!" என்று அங்கே பொறுக்கிய கூழாங்கல்லை என் கையில் வைத்தான்.

அவன் வரும்போதெல்லாம், அதைப் பார்த்து மறுபடி நன்றி சொல்லிவிடுவானோ என்று ஒளித்துவைக்கிறேன்.