கொசு அண்ணியின் ஹெல்மெட்

எங்கள் லேப்பில் அண்ணியைக் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. ஊசி இறங்கியதே தெரியாது. பஞ்சை வைத்து அமுக்கும்போதுதான் "எடுத்தாச்சா?" என்று கேட்பார்கள். அப்படி ஒரு கை.

அந்தப் பெயரை வைத்தது மூன்றாம் மாடி அம்மா. வாரம் ஒரு முறை ரத்தம் கொடுக்க வேண்டியவர். நரம்பு அகப்படாமல் யார் யாரோ குத்திக் குத்திக் கை முழுக்க நீலம் பாய்ந்து கிடந்தது. அண்ணி ஒரே குத்தில் எடுத்ததும், "அடியே, நீ கொசுடி. கடிச்சுட்டுப் பறந்தப்புறம்தான் தெரியுது" என்றார். அண்ணி அதை ஏதோ பட்டம் வாங்கியதுபோல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அவள் என் அண்ணன் மனைவி. நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். எட்டாவதோடு நின்றுபோன எனக்கு லேப்பில் தரை துடைக்கவும் கண்ணாடித் தட்டுகள் கழுவவும் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் கிளம்பினால் ஐந்தாறு வீடுகளை முடித்துக்கொண்டு எட்டு மணிக்கு லேப்பில் இருப்போம். ரத்தக் குழாய்கள் வைக்கும் ஐஸ் பெட்டி என் மடியில். பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன வேலை? பார்ப்பதுதான். எனக்குப் பேச வராது, பார்க்க வரும். அண்ணி என்னை ஊமைக்கோட்டான் என்பாள்.

அண்ணிக்கும் பயம் உண்டு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. நல்ல தூறல், குளிர். அண்ணி ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி மூடியிருந்தாள். வண்டி ஓட்டும்போதும் அவள் வாய் ஓயாது. நான் பதில் சொல்லாததால் என் பங்கையும் அவளே பேசுவாள். அந்த மூச்செல்லாம் கண்ணாடியின் உள்பக்கம் போய்ப் படிந்து, பாலாடை போல வெள்ளையாகிவிட்டது. ஒரு திருப்பத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் சாலையைக் கடந்தார். நான் பார்த்தேன். அண்ணி பார்க்கவில்லை. கைப்பிடி குடையில் இடித்தது. குடை பறந்துபோய்ச் சாக்கடையில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி வந்திருந்தால் அவர் விழுந்திருப்பார்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று அவர் கத்தினார்.

யார் என்ன சொன்னாலும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவள் அண்ணி. அன்றைக்கு இறங்கிப்போய்க் குடையை எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த தெருவில் வண்டியை நிறுத்தி, என் பக்கம் திரும்பினாள்.

"யார்கிட்டயும் சொல்லாதேடி" என்றாள்.

யாரிடமும் எதுவும் சொல்லாதவளிடம் போய் இப்படிச் சொல்கிறாளே என்று நினைத்தபோதுதான் அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு மழையில் அவள் கண்ணாடியை மூடுவதில்லை. தூக்கிவிட்டுத்தான் ஓட்டினாள். துளிகள் நேராகக் கண்ணில் அடிக்கும். "ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் ஊசி குத்தின பாவம், வானம் எனக்குத் திருப்பிக் குத்துது" என்று சிரிப்பாள். அண்ணன் ஒரு நாள், "நீ வாயை மூடு, கண்ணாடி தானா தெளியும்" என்றார். "வாயை மூடிக்கிட்டு ஓட்டுறதுக்கு நான் என்ன உங்க தங்கச்சியா?" என்றாள்.

சிரிப்பது வீட்டில்தான். வண்டியில் நான் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருவேன். கண் இரண்டும் கோவைப்பழம் மாதிரி சிவந்திருக்கும். ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் ஓட்டுவாள். சில நேரம் இரண்டையும் மூடிவிடுவாள். இமைப்பதற்கு ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. அந்தக் கொஞ்சத்தில் எத்தனை பேர் சாலையைக் கடப்பார்கள் என்று நினைத்து, ஐஸ் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். என்றைக்காவது ஒரு நாள் யாரையாவது அடித்துத் தள்ளப்போகிறோம், இல்லையென்றால் நாங்கள் விழப்போகிறோம். மேகம் கறுத்தாலே எனக்கு இதுதான் நினைப்பு.

இந்த மழைக்காலம் தொடங்கியபோதுதான் பார்சல்காரரைக் கவனித்தேன். லேப்புக்குக் குழாய்ப் பெட்டிகள் கொண்டுவருபவர். கொட்டுகிற மழையில் பைக்கில் வந்து இறங்குவார். அவர் ஹெல்மெட் கண்ணாடி மூடியபடியே இருக்கும், ஆனால் உள்ளே அவர் மீசை பளிச்சென்று தெரியும். எப்படி என்று கேட்க மூன்று நாள் நினைத்து மூன்று நாளும் கேட்கவில்லை. நான்காம் நாள் வாசலில் வேறு யாரும் இல்லை. கேட்டுவிட்டேன்.

"இதுல என்னம்மா ரகசியம்? பாத்திரம் கழுவுற திரவ சோப்புதான்" என்றார். "உள்பக்கம் ஒரே ஒரு சொட்டு. விரலால பரத்திவிடு. காயட்டும். அப்புறம் மெத்துனு ஒரு துணியால கண்ணாடி தெளியிற வரைக்கும் தேய். எல்லாத்தையும் துடைச்சு எடுத்துட்ட மாதிரிதான் தெரியும். பயப்படாதே, கண்ணுக்குத் தெரியாம அதுல இருக்கும். பல்லு விளக்குற பேஸ்ட்டைப் போடுன்னு எவனாவது சொன்னா கேக்காதே, கீறல் விழுந்துடும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி தூங்கும்போது ஹெல்மெட்டைச் சமையலறைக்கு எடுத்துப்போனேன். வலது பாதிக்கு மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியில் காட்டினேன். இடது பாதி சட்டென்று வெளுத்துப்போனது. வலது பாதியில் அடுப்பு, பாத்திரம், சுவர் எல்லாம் அப்படியே தெரிந்தன. திருடியவள் மாதிரி வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டேன். இடது பாதிக்கும் போட்டு, ஹெல்மெட்டை இருந்த இடத்தில் மாட்டிவிட்டேன்.

மறுநாள் தூறலில் எதிர்க்காற்று தாங்காமல் கண்ணாடியை இறக்கியவள், பாதி வழியில் கூவினாள். "ஏய் ஊமைக்கோட்டான், இன்னைக்கு மங்கவே இல்லடி! மழைக்கே என்மேல மரியாதை வந்துருச்சு!"

நான் சொல்லவில்லை. சொன்னால் லேப் முழுக்கத் தண்டோரா போடுவாள், எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் தூங்கும் நேரம் பார்த்து இரண்டு நாளுக்கு ஒரு முறை தேய்த்து வைத்தேன். பத்து நாள் நிம்மதியாக உட்கார்ந்து வந்தேன்.

பிறகுதான் பெருமழை வரப்போகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். இரண்டு நாளைக்கு விடாது என்றார்கள். தூறலுக்கு ஒரு சொட்டு என்றால் பெருமழைக்கு எத்தனை? என் புத்தி அப்படித்தான் போனது. நான்கைந்து சொட்டு விட்டுத் தடவினேன். காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. தேய்த்தால் வீணாகப் போய்விடுமே என்று தேய்க்கவும் இல்லை. கண்ணாடி லேசாகப் புகை படிந்ததுபோல இருந்தது. ஹெல்மெட்டின் மேல்விளிம்பு ரப்பர் வெடித்திருந்ததும் கண்ணில் பட்டது. எல்லாவற்றையும் பார்க்கிறவள், அதையும் பார்த்தேன். அது வழியாகத் தண்ணீர் இறங்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

காலையில் நல்ல மழை. இரண்டு வீடுகள் முடிந்தன. மூன்றாம் மாடி அம்மா வெறும் வயிற்றோடு காத்திருப்பார் என்று அண்ணி கொஞ்சம் விரைவாகத்தான் ஓட்டினாள். பாலத்தில் ஏறியதும் காற்று திரும்பி, மழை முகத்துக்கு நேராக அடித்தது. அண்ணி கண்ணாடியை நம்பி மூடினாள். ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பாதிப் பாலத்தில் பேச்சு நின்றது.

பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் நுரை வழிந்துகொண்டிருந்தது.

"கண்ணு எரியுதுடி!" என்றாள். ஒரு கையால் கண்ணாடியைத் தூக்கினாள். வண்டி ஆடியது. மழை அடித்து நுரையை இன்னும் கண்ணுக்குள் தள்ளியது. "ஐயோ, கண்ணு! ஒண்ணும் தெரியலடி, திறக்கவே முடியல!"

இடது பக்கம் முழங்கால் உயரச் சுவர். அதற்குக் கீழே ஆறு. பின்னால் லாரி ஒலியெழுப்பியது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு வண்டி நீளம்கூட இல்லை. அண்ணியின் கை பிரேக்கை நெருக்குவதைப் பார்த்தேன்.

"பிடிக்காதீங்க! பின்னாடி லாரி!"

அது என் குரல்தான்.

"நேரா! நேரா விடுங்க! வலது பக்கம் கொஞ்சம், கொஞ்சம், போதும்! அப்படியே வாங்க!"

"எங்கடி போறேன்?"

"நேராத்தான்! இப்ப இறக்கம். மெதுவா, மெதுவா. இன்னும் வாங்க. இடது பக்கம் திருப்புங்க! பிடிங்க! பிடிங்க அண்ணி!"

பாலத்தின் முடிவில் பூட்டிக் கிடந்த ஒரு டயர் கடையின் முன்னால் வண்டி நின்றது. லாரி எங்கள்மேல் சேற்றுத் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போனது. அண்ணி இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்தாள். நான் ஐஸ் பெட்டியை இறக்கிவைத்து, அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் அவள் கண்ணில் ஊற்றினேன்.

"தெரியுதா அண்ணி?"

"கறுப்பா ஏதோ தெரியுது. நீதானா அது?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "கண்ணு போயிடுச்சுன்னே நெனச்சேன்டி. இனிமே நரம்பைத் தேடி எப்படி ஊசி குத்துறதுன்னு நெனச்சேன்."

வழக்கமாக என்றால் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் கொஞ்சம் முன்னால்தான் அவ்வளவு கத்தியிருந்தேன். அந்தத் தொண்டை இன்னும் மூடவில்லை.

"சோப்பு அண்ணி. கண்ணாடியில சோப்புப் போட்டேன். நான்தான்."

சிவந்த கண்ணால் என்னையே பார்த்தாள்.

"எப்பேர்ந்து?"

"பத்து நாளா."

"அப்ப மங்காம இருந்ததெல்லாம்?"

"அதுவும் நான்தான். இன்னைக்குத்தான் அதிகமாப் போட்டுட்டேன். தேய்க்கவும் இல்ல."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது. "அடிப்பாவி" என்றாள். "மழைக்கு என்மேல மரியாதைன்னு லேப்பெல்லாம் சொல்லி வச்சிருக்கேனேடி!" சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் சிரிப்பை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ பேருக்கு வலிக்காமல் குத்திய அந்தக் கை, என் கையோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

மழையிலேயே கண்ணாடியைக் கழுவினோம். அதைத் தூக்கிவிட்டுக்கொண்டு, நடக்கிற வேகத்தில் போனோம். வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். குழி. ஆள் வராரு. சைக்கிள். இப்ப ஒண்ணும் இல்ல. அண்ணி சொன்னபடியெல்லாம் ஓட்டினாள்.

மூன்றாம் மாடி அம்மா கதவைத் திறந்தபடியே, "பசியில உயிர் போகுதுடி கொசு. அது என்ன கண்ணு இப்படிச் சிவந்து கிடக்கு?" என்றார்.

"என் நாத்தனார் எனக்குச் சோப்புப் போட்டா அம்மா. கொஞ்சம் ஓவராப் போயிருச்சு."

அந்த அம்மா சிரித்தார். அண்ணி ஊசியைப் பிரித்தாள். பிறகு அதை எடுக்காமல் தட்டிலேயே விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, "கை சில்லுனு இருக்கும்மா, அஞ்சு நிமிஷம்" என்றாள். கை சில்லென்று இருந்ததற்காக இல்லை என்பது எனக்குத் தெரியும். சுவரோடு ஒட்டி நின்றேன். ஐந்து நிமிஷம் பத்தானது. குத்தியபோது அந்த அம்மா "ஸ்ஸ்" என்று முகத்தைச் சுளித்தார்.

"இன்னைக்கு நீ கொசு இல்லடி, குளவி" என்றார்.

அண்ணி சிரித்தாள். படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

அன்று மாலை ஹெல்மெட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். இனிமேல் இதைத் தொடாதே என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நாளைக்கும் மழையாம்" என்றாள். "எப்படிச் செய்யணுமோ அப்படிச் செஞ்சு வை."

"வேற யார்கிட்டயாவது..."

"வேற யாரு? தப்பு எங்க நடக்கும்னு உனக்குத்தானே தெரியும்." போகப் போனவள் திரும்பினாள். "இன்னொண்ணு. மழையில பேசிக்கிட்டே வா. எனக்குத் தெரிஞ்சாலும் சொல்லு, தெரியாட்டியும் சொல்லு. ஊமைக்கோட்டானைப் பேச வைக்கச் சோப்பு வேணும்னு இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே!"

அவளுக்குத் தெரியாமல் செய்தபோது எனக்கு இவ்வளவு பயம் இல்லை. இப்போது அந்த வேலையை எனக்கென்று விட்டுவிட்டாள். மேல்விளிம்பு ரப்பரை முதலில் மாற்ற வைத்தேன். மழைக்காலம் முழுக்க, விளக்கு வைக்கும் நேரத்தில் ஹெல்மெட்டோடு அடுப்படியில் உட்கார்ந்துவிடுவேன். ஒரே ஒரு சொட்டு. காயவிட்டு, துணி கீச்சென்று சத்தம் போடும்வரை தேய்ப்பேன். ஆவியில் பிடிப்பேன். பிறகு ஈரத்துணியால் தொட்டு, நுரைக்கிறதா என்று பார்ப்பேன். நேற்று வலது கண் வரும் இடத்தில் உளுந்தளவுக்கு ஒரு வெள்ளை நின்றது. அண்ணன், "இதெல்லாம் ஒரு குறையா, விடு" என்றார். முழுவதையும் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

இன்றைக்கும் வெளியே தூறல் விழுகிறது. தண்ணீர் கொதித்துவிட்டது. கண்ணாடி வழியாக எதிர்ச் சுவரில் இருக்கும் ஆணிகூடத் தெரிகிறது. எதற்கும் இன்னொரு முறை பிடித்துப் பார்க்கிறேன்.