நாற்பதாவது இடத்தில் ஒரு சாம்பிள்

அந்த மவுஸ் வாங்கும்போது வெள்ளை. ஒரே வருடத்தில் அதன் இடது பொத்தான் மட்டும் பழுப்பேறிவிட்டது. சித்தி ஏலக்காய் மூட்டைகள் வைத்திருக்கிற கிட்டங்கியிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் அதைத் தொடுவார். ஆனாலும் நாள் முழுக்க ஏலக்காய் பொறுக்குகிற விரல்களில் ஏறிய கறையும் வாசனையும் சோப்புக்கு அடங்குவதில்லை. கல்லூரி நண்பர்கள் வீட்டுக்கு வருகிற நாட்களில் நான் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அந்தப் பொத்தானைத் தேய் தேய் என்று தேய்த்து வைப்பேன். "என்னடா, மவுசுல பாயச வாசம் அடிக்குது" என்று ஒருவன் ஒருமுறை கேட்டுச் சிரித்ததுதான் காரணம். அன்றைக்கு எனக்கு அது கூச்சமாக இருந்தது. அப்படிக் கூசியதை நினைத்து இன்றைக்குக் கூசுகிறேன்.

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே கணினி விளையாட்டுகளைப் பற்றி இணைய இதழ்களில் எழுதுகிறவன் நான். மூன்று பாகங்களாக வந்து பெயர் வாங்கிய ஒரு விண்வெளி விளையாட்டின் முதல் பாகத்தை இப்போது புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்கள். விளையாடுகிறவரே ஒரு கப்பலின் தலைவராகி, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, கிரகம் கிரகமாகப் போய், யாரிடம் என்ன பேசுவது, யாரைக் காப்பாற்றுவது என்று தானே முடிவெடுக்கிற வகை. 'அந்த முதல் பாகம் இன்றைக்கும் தாக்குப்பிடிக்கிறதா என்று எழுதுங்கள்' என்றார் இதழின் ஆசிரியர். இரண்டு நாளில் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். விடுப்பு எடுத்துக்கொண்டு சொந்த ஊரான போடிக்கு வந்து, வீட்டிலிருக்கும் பழைய கணினியையும் புதிய மடிக்கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதலாம் என்பது திட்டம். இரண்டு வாரம் ஆகிவிட்டது. அந்தக் கட்டுரை வரவில்லை, இதுதான் வருகிறது.

சித்தி என் அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார், இன்றும் இருக்கிறார். ஒரு காலத்தில் விடியும்போதே ஜீப்பு ஏறி, மலைமேல் இருக்கும் போடிமெட்டைத் தாண்டி ஒரு எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தவர். ஒரு மழைக்காலத்தோடு மலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, எங்கள் தெருக்கோடியில் இருந்த ஏலக்காய்க் கிட்டங்கியில் தரம் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கிட்டங்கியில் ஒரு வழக்கம் உண்டு. அனுப்புகிற ஒவ்வொரு லோடிலிருந்தும் ஒரு கை அள்ளிச் சின்னப் பையில் போட்டு, எண் எழுதி, அலமாரியின் கடைசித் தட்டில் வைத்துவிடுவார்கள். பைமேல் ஆங்கிலத்தில் எழுதுகிற பெயர் சாம்பிள். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு யாராவது குறை சொன்னால் எடுத்துக் காட்டுவதற்கு. அந்தத் தட்டு சித்தியின் பொறுப்பில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கி லீவு. காலையில் பஸ்சு ஏறிச் சிலமலைக்குப் போய், முன்பு தன்னோடு மலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு அக்காவைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு வாரம்கூடத் தவறாது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு என் அறைக்கு வருவார். முதல் தடவை வந்தது டீ கொடுக்க. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "இவரு ஏன் அப்பு தனியா மூலையில நிக்கிறாரு? யாரும் பேச மாட்டாங்களா?" என்றார். நான் அதுவரை ஒருமுறைகூடப் பேசியிராத கப்பல் மெக்கானிக்கைத்தான் கேட்டார். வேடிக்கையாக "நீங்களே பேசிப் பாருங்க" என்று மவுசை அவர் கையில் கொடுத்தேன். ஒரு வருடம் அவர் அதை விடவில்லை.

நான் ஓடுகிறவன். சண்டை எங்கே, அடுத்த கதவு எங்கே என்று பார்க்கிறவன். சித்தி ஒவ்வொருவரிடமும் நின்று, அவர்கள் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்பார். ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்ல வேண்டும். சோம்பல் பட்டுச் சுருக்கினால் பிடித்துவிடுவார். "அவன் அவ்வளவு நேரம் வாயசைச்சான், நீ நாலு வார்த்தையில முடிக்கிற. மிச்சத்தையும் சொல்லு." கிடைத்த சாமான் எதையும் எறிய மாட்டார். நல்லது, வெளிறியது, வெடித்தது என்று காய் பிரிப்பது போலவே பிரித்து அடுக்குவார். நண்பர்களிடம் இதையெல்லாம் நடித்துக் காட்டி நான் சிரிக்க வைத்திருக்கிறேன்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்தக் கிரகத்திலிருந்து கிளம்பினாலும், அதற்கு முன் கப்பலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, எல்லோரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்களா என்று பார்ப்பார். விளையாட்டில் அதற்கு அவசியமே இல்லை, ஆட்கள் தானாகவே வந்துவிடுவார்கள். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "இருக்கட்டும், பாத்துட்டுப் போவோம்" என்பார்.

அப்படிப் போய்ப் போய் அந்தப் பனி நிலாவுக்கு வந்து சேர்ந்தார். முதல் பாகத்தை விளையாடிய யாரும் அந்த இடத்தை மறக்க மாட்டார்கள். சுரங்கம் சரிகிறது. ஒரு முனையில் மருத்துவர், மறுமுனையில் மெக்கானிக். மீட்பு வண்டி ஒரு முறைதான் போய்வர முடியும். யாரை ஏற்றுவது என்று விளையாடுகிறவர் சொல்ல வேண்டும். சித்தி கையை எடுத்துவிட்டார். "ரெண்டு பேத்தையும் கூட்டிட்டு வர வழி இருக்கும், தேடு" என்றார். இல்லை என்றேன். "ஏறிப் போனவங்க எல்லாரும் வந்தாத்தான் ஜீப்பு எறங்கணும். இது என்ன பழக்கம்?" என்றார். விளையாட்டில் மூழ்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஐந்தாறு ஞாயிறுகள் அந்த நிலாவுக்கு முந்தைய இடத்திலிருந்து தொடங்கி, பழைய கிரகங்களுக்கெல்லாம் மறுபடி போய், ஏதாவது கருவி விட்டுப்போயிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாம் பாகம் என் கைக்கு வந்தது. முதல் பாகத்தை முடித்து வைத்திருந்தால் அதில் நாம் எடுத்த முடிவுகள், சேர்த்த சாமான்கள், பிழைத்திருக்கிற ஆட்கள் எல்லாம் அப்படியே இரண்டாம் பாகத்துக்கு வரும். அதுதான் அந்த விளையாட்டின் பெருமையே. என் ஆட்டம் ஓட்டமும் நடையுமாக முடித்தது, கொண்டுபோக ஒன்றும் தேறவில்லை, அதை அப்போதே அழித்துவிட்டிருந்தேன். சித்தியின் ஆட்டத்தில் எல்லாம் இருந்தது. கப்பலில் இருந்த ஒவ்வொருவரும் அந்தத் தலைவருக்காக உயிரைக் கொடுப்பார்கள். ஒரு வேலைநாளில், அவர் கிட்டங்கியில் இருந்த நேரத்தில், அதைத் திறந்தேன். மருத்துவரை ஏற்றினேன். மெக்கானிக்கை விட்டுவிட்டேன். இரண்டு நாளில் கதையை முடித்து, சித்தியின் ஆட்டம் இருந்த முதல் இடத்திலேயே சேமித்தும்விட்டேன். விளையாட்டில் சேமிக்க நாற்பது இடங்கள் உண்டு. வேறோர் இடத்தில் சேமிக்க ஒரு விநாடி போதும். அந்த விநாடியைக்கூட நான் அவருக்காகச் செலவழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார். கப்பலில் வழக்கம்போல நடந்தார். மெக்கானிக் நிற்கிற மூலை காலியாக இருந்தது. என்னைப் பார்த்தார். "புதன்கிழமை நான் சும்மா திறந்து பாத்தேன் சித்தி. கரண்டு போயிருச்சு. மறுபடி வந்தப்ப தானாவே இப்படி ஆகிருந்துச்சு" என்றேன். மூச்சுக்கூட மாறாமல் சொன்னேன். சித்தி அந்த மூலையைப் பார்த்தார். "கரண்டு போனா இப்படியெல்லாமா ஆகும்" என்றார். பிறகு, "சரி அப்பு, விடு. சோலி கிடக்கு" என்று எழுந்து போனார். நான் இருக்கும்போது அவர் அந்த நாற்காலியில் மறுபடி உட்காரவேயில்லை. உண்மையைச் சொன்னால், அறை எனக்கே கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

படித்து முடித்துப் பெங்களூருக்குப் போனேன். அம்மா போனில் பேசும்போது, "உன் கம்ப்யூட்டர ஞாயித்துக்கிழமையானா சித்திதான் தொடச்சு வைக்கிறா" என்பார். நான் சிரித்துக்கொள்வேன். சில வருடம் கழித்துத் திரை கெட்டுப்போனதும் எல்லாவற்றையும் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார்கள்.

போன ஞாயிறு அதை இறக்கினேன். காலையில் சித்தி வழக்கம்போலச் சிலமலைக்குப் போயிருந்தார். அறுபதைத் தாண்டியும் அந்தப் பஸ்சை அவர் விடுவதில்லை. தெருவில் இருந்த ஒரு கடையில் பழைய திரை ஒன்றை வாங்கி மாட்டினேன். நாலு முறை முரண்டு பிடித்து ஐந்தாவது முறை கணினி உயிர் பெற்றது. ஆசிரியருக்காகக் கறாராகவே குறிப்பெடுத்தேன். கதவுகள் திறக்கத் தாமதம். பாதிக் கிரகங்கள் வெறும் பொட்டல். துப்பாக்கி பிடிப்பது இன்றைய கைக்கு மரக்கட்டை போல இருக்கிறது. புதுப்பித்த பதிப்பில் பனி அழகாக விழுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு பழைய ஆட்டங்களின் பட்டியலைத் திறந்தேன். முதல் இடத்தில் நான் முடித்து வைத்த ஆட்டம். நான் அதற்குக் கீழே ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை. அன்று உருட்டிக்கொண்டே போனேன். எல்லாம் காலி, காலி, காலி. நாற்பதாவது இடத்தில் பெரிய ஆங்கில எழுத்துகளில் SAMPLE என்றிருந்தது.

திறந்தேன். பனி நிலாவுக்கு முன்னால் நிற்கிற கப்பல். மருத்துவர் இருந்தார். மெக்கானிக் தன் மூலையில் இருந்தார். நான் கை வைப்பதற்கு முன்பே சித்தி ஒரு கை அள்ளிக் கடைசித் தட்டில் வைத்திருக்கிறார். நான் திருடிய அன்று சித்தியின் ஆட்டத்தில் எழுபது மணி நேரம் சொச்சம் ஓடியிருந்தது. இதில் இருநூறைத் தாண்டியிருந்தது. கடைசியாகச் சேமித்த தேதி நான் பெங்களூர் போய் நான்கு வருடங்களுக்குப் பிறகு. துடைத்து வைத்ததாக அம்மா சொன்ன அத்தனை ஞாயிறும் அதற்குள் இருந்தது. மொழி சொல்ல ஆளில்லாமல், வாயசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு, அந்த நிலாவில் ஒருமுறைகூட இறங்காமல் அவர் சுற்றியிருக்கிறார்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சித்தி பையோடு வாசல்படியில் நின்றார். "அட, ஓடுதா இது" என்றார். எனக்குத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"அன்னிக்குக் கரண்டு போகல சித்தி" என்றேன்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"புதன்கிழமை பூரா கிட்டங்கியில காத்து மெஷினு ஓடிச்சுல்ல. நான்தான் முன்னால உக்காந்திருந்தேன். நம்ம தெருவுக்கும் அதுக்கும் ஒரே கரண்டு லயனுதான்."

கிட்டங்கியில் அன்று முழுக்கக் காய் தூற்றுகிற மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் போய் மின்சாரம் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். இருபது வயதில் நான் பெரிய புத்திசாலி. "அப்பவே ஏன் கேக்கல?" என்றேன்.

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவ. அதையும் நான் கேட்டுட்டு நிக்கணுமா?" கோபமே இல்லை குரலில். பையைக் கீழே வைத்தார். "அதுவும் போக, எனக்கு உன்னையக் கேக்க வாய் இல்ல அப்பு."

கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். மலைக்குப் போன காலம். சாயங்காலம், நல்ல மழை. எல்லோரும் நனைந்து ஜீப்பில் அடைந்து கிடக்கிறார்கள். டிரைவர் "எல்லாரும் வந்தாச்சா" என்று கேட்கிறார். முன்னால் உட்கார்ந்திருந்த சித்தி திரும்பிப் பார்க்காமலே "வந்தாச்சு, வெரசா எடுண்ணே" என்கிறார். குளிர், வீட்டுக்குப் போகிற அவசரம், வேறொன்றுமில்லை. சிலமலை அக்கா மேல்காட்டிலிருந்து இறங்கி வரும்போது ஜீப்பு இல்லை. வீட்டில் கைக்குழந்தை. எஸ்டேட்டில் தங்காமல் மெட்டிலிருந்து குறுக்குப் பாதையில் தனியாக இறங்கியிருக்கிறார். வழுக்கி விழுந்தவரை மறுநாள் மலையேறியவர்கள்தான் பார்த்துத் தூக்கி வந்தார்கள். வலது கால் அதோடு முடங்கிவிட்டது. "எண்ணிப் பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சுன்னு நானும் அவகிட்டச் சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அதத்தான் சொல்லிட்டிருக்கேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எதற்கென்று கேட்பது? மெக்கானிக்கை விட்டதற்கா, பொய்க்கா, அவர் பழக்கங்களை நண்பர்களுக்கு நடித்துக் காட்டியதற்கா? ஒரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கப்பலை ஒவ்வொரு முறையும் ஏன் சுற்றிப் பார்க்கிறார் என்று ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றாததற்கா? அடுத்தவர் மனதை அறிந்து முடிவெடுக்கச் சொல்கிற விளையாட்டுகளைப் பற்றித்தான் நான் பத்து வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"தள்ளு" என்றார். நாற்காலியை விட்டு எழுந்தேன். பக்கத்தில் மடிக்கணினியில் புதிய பதிப்பு, அதே பனி நிலாவில், யாரை ஏற்றுவது என்று கேட்டு நின்றுகொண்டிருந்தது. சித்தி அதைப் பார்த்துவிட்டு, "இன்னமும் அங்கேயேதான் நிறுத்தி வச்சிருக்கானுங்களா" என்றார். பழைய மவுசைப் பிடித்தார். கப்பலின் முன் முனையிலிருந்து பின் முனை வரைக்கும் நடந்தார். ஒவ்வொரு ஆளின் முன்னாலும் நின்றார். மெக்கானிக்கிடம் கொஞ்சம் அதிகமாக நின்றார். மெக்கானிக் பேசியதை நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். இந்த முறை எதையும் சுருக்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, நாற்பதாவது இடத்திலேயே சேமித்தார். "எல்லாரும் இருக்காங்க. இதுல மட்டும் கை வைக்காத" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஆசிரியருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. முதல் பாகம் தாக்குப்பிடிக்கிறது என்று எழுதுவேன். எந்த இடத்தில் என்று கேட்டால் அந்தப் பனி நிலாவைச் சொல்வேன்.

அன்று கணினியை அணைத்துவிட்டு மவுசை எடுத்து வைக்கும்போது பார்த்தேன். ஏலக்காய் வாசனை போய்ப் பல வருடமாகியிருக்கும், பரணின் தூசி வாசம்தான் வந்தது. இடது பொத்தானில் பழுப்பு அப்படியே இருந்தது. அதன் நடுவில் மட்டும் காசளவுக்கு ஒரு வெள்ளை வட்டம். முதலில் என்னவென்று புரியவில்லை. நான் ஸ்பிரிட்டால் தேய்த்துத் தேய்த்து, பிறகு கறையே ஒட்டாதபடி மேல்பூச்சைப் போக்கிய இடம் அது.