பிரஷ்ஷின் பூர்வீகம்

போன வாரம் பத்திரிகையில் இந்த இடத்தில் என்னைக் காணவில்லை. கவனித்தீர்களா? கவனித்ததாக ஒருவரும் சொல்லவில்லை... போகட்டும். காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன். ஒரு பிரஷ்!

எனக்குப் படம் கீறும் பைத்தியம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். பகலில் கண்டி அரசாங்கக் கச்சேரியில் பைல் பார்ப்பேன். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் பென்சில், கடுதாசி, வர்ணத் தீந்தை. புதிதாக ஒரு சாமான் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் போதும், கை துறுதுறுக்கும். கரிப் பென்சில் வாங்கினேன் — வேட்டியெல்லாம் கறுத்தது. இங்கிலீஷ் கடுதாசி வாங்கினேன் — கண்டி மழைக்கு ஒரே மாதத்தில் பூஞ்சணம் பிடித்தது. வாட்டர் கலரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இன்றைக்குப் பூசிய வானம் நாளைக்கும் ஈரமாகவே இருக்கும். வெளியே இருக்கிற வானமும் அப்படித்தான் என்பதால் யாரும் குறை சொன்னதில்லை.

இந்த முறை ஒயில் பெயின்ட். கொழும்பிலிருந்து பார்சல் வந்தது. டியூப் டியூபாகத் தீந்தை, ஒரு போத்தல் எண்ணெய், கூடவே விறைப்பான பிரஷ்கள் ஒரு கட்டு.

சும்மா ஆசைக்கு வாங்கவில்லை. இங்கே கண்டியில், கொழும்பு வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஸாலி நானா எனக்குப் பழைய சிநேகிதர். அவருடைய உம்மாவுக்கு ஆயுள் முழுக்க ஹஜ்ஜுக்குப் போக ஆசை. கொடுத்துவைக்கவில்லை. இப்போது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது. அடுத்த நோன்புக்குள் பார்வை முழுதாகப் போய்விடும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கட்டிலுக்கு எதிரே, மக்காவில் கறுப்புத் திரை போர்த்து நிற்கும் கஃபாவின் கலண்டர்ப் படம் ஒன்று தொங்குகிறது. கையகலப் படம். உம்மாவுக்கு அது இப்போது வெறும் கடுதாசி. பெரிதாக ஒன்று கீறித் தர முடியுமா என்று நானா கேட்டார். பார்வை இருக்கும்போதே ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிடட்டும் என்றார்.

மாட்டேன் என்று சொல்வேனா? ராப்பகலாகக் கீறினேன். படமும் நன்றாகவே வந்தது — நானே சொல்கிறேனே! ஏறக்குறைய முடிந்துவிட்ட நேரம். பக்கத்துத் தெருச் சித்திர வாத்தியார் தேத்தண்ணி குடிக்க வந்தார். பிரஷ் ஒன்றை எடுத்தார், விரலால் தடவினார்.

"அருமையான சாமான். அசல் பன்றி மயிர்" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. ஒயில் பெயின்டுக்கு அதுதான் உகந்ததாம். உலகம் முழுக்க அதுதானாம். அவர் சொல்லிக்கொண்டே போனார். என் காதில் விழவில்லை. நானோ சுத்த சைவம். வர்ணம் கலக்கும்போது பிரஷ்ஷைப் பல்லில் கவ்விக்கொள்வது வேறு என் பழக்கம்! அதைக்கூட வாய் கொப்பளித்து மறந்துவிடலாம். கஃபாவின் படத்தை என்ன செய்வது?

நாம் எப்படிப்பட்ட ஆட்கள் என்று பாருங்கள். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரை விடுவோமா? சொந்த ஊர் எது, ஆட்கள் யார், மாமன் எங்கே உத்தியோகம்... ஹட்டன் ஸ்டேஷன் போய்ச் சேருமுன் பூர்வீகம் முழுவதையும் கறந்துவிடுவோம். பல்லில் கவ்விய பிரஷ்ஷிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

உண்மையைச் சொல்கிறேன். பேசாமல் இருந்துவிடலாமா என்றும் மனம் சொன்னது. வாத்தியார் நானாவின் கடைப்பக்கம் போகிறவரல்ல. படத்தைப் பார்த்து எவரால் கண்டுபிடிக்க முடியும்? இதைத்தான் மனைவியிடம் மெல்லச் சொன்னேன். அவள் அரிவாள்மணையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"உந்தப் படத்தை அந்த மனிசியின்ரை கண்ணுக்கு முன்னால மாட்டிப்போட்டு வந்து, உங்களுக்கு நித்திரை வருமோ?"

வராது. அன்றைக்கே வரவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். கூட்டம் கலையும்வரை காத்திருந்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நானா சீத்தைத் துணியை மடித்துக்கொண்டே கேட்டார். மடித்து முடித்ததை விரித்து, மறுபடி மடித்தார். இத்தனை வருஷச் சிநேகிதம் இத்தோடு சரி என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சீக்குமா?" என்றார் கடைசியில்.

"தெரிஞ்சிராது நானா."

"உம்மாக்கும் தெரிஞ்சிராது." துணியை ராக்கையில் வைத்தார். "அந்தப் படத்த என்ன செய்யிறதெண்டு பள்ளி லெப்பையிட்ட கேட்டுச் சொல்றன். நீங்க உம்மாக்கு வேற ஒண்டு கீறித் தாங்க. சுருக்கா."

சுருக்காக! எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. கதிரையில் உட்கார்ந்து, அவர் வருவித்த பிளேன்டீயை அப்போதுதான் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. அமிர்தமாக இருந்தது.

அதன்பிறகு தொடங்கியது விசாரணை. ஒரு சாமானையும் நம்பவில்லை. படத் துணிக்குப் பூசும் வச்சிரப் பசை எதில் செய்தது? தோலில். வேண்டாம். மனைவி வேட்டிக்குப் போடும் கஞ்சியையே காய்ச்சி, நானா கடை ட்ரில் துணியில் பூசினாள். கறுப்பு டியூபின் லேபிளைப் படித்தேன். எலும்பைக் கரித்துச் செய்ததாம். எந்த மிருகத்தின் எலும்பு? லேபிள் வாய் திறக்கவில்லை. அதுவும் வேண்டாம். தேங்காயெண்ணெய் விளக்கின்மேல் தட்டைக் கவிழ்த்துப் புகைக்கரி எடுத்து, எண்ணெயில் குழைத்துக்கொண்டேன். பிரஷ்ஷுக்கு? பெருநாளுக்கென்று நானா வீட்டில் வளரும் கிடாயின் தாடி! பிடித்துக்கொள்ள இரண்டு பேர், கத்தரிக்க நானா. மூங்கில் குச்சியில் கட்டினோம். தீந்தையில் தோய்த்தால் துவண்டு விழுந்தது. கடைசியில் டர்பன்டைன் ஊற்றித் தீந்தையை இளக்கினேன். ஒருவாறு வழிக்கு வந்தது.

படம் முடிந்தது. காய வேண்டுமே! வெளியே மழை விட்டபாடில்லை. புகைக்கரிக் கறுப்போ தொட்டால் கையோடு வந்தது. உம்மா தினமும் கேட்கிறாராம், நானா தினமும் எனக்கு ஆள் அனுப்புகிறார். அவருடைய மச்சானின் பேக்கரி நினைவுக்கு வந்தது எங்கள் நல்லகாலம். பாண் சுடும் போறணையின் பின்சுவரோரம் சாத்திவைத்தோம். நான் கச்சேரிக்குப் போகும்போதும் வரும்போதும் நுழைந்து, ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். பாண் வாங்க வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ... போன வாரம் பத்தி எழுத எனக்கு எங்கே நேரம்?

முந்தாநாள் காய்ந்தது. நேற்றுக் கொண்டுபோனோம். நானா மாட்டினார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். உம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"இதென்ன பாண் வாசம்?" என்றார் முதலில்.

நானா காரணத்தைச் சொன்னார். உம்மாவுக்குச் சிரிப்பு. பிறகு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் தெரியவில்லையோ? காலம் கடந்துவிட்டதோ?

"கறுப்புத் தெரியுது மகன்" என்றார். "நல்லாத் தெரியுது. மத்ததெல்லாம் மனசுல ஈக்குது."

நானா சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு — அப்பாடா! — நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

மினாராக் கோபுரங்கள் மட்டும் கொஞ்சம் கோணல்தான். பரவாயில்லை, உம்மாவின் மனசில் அவை நேராகத்தான் நிற்கும்.