ஜூன் மாதத்து நீர்மட்டம்

வரைபடத்தில் எண்ணெய் பட்டுவிடாதபடி இடது கையில் மீனையும் வலது கையில் பென்சிலையும் பிடித்துக்கொண்டுதான் வெர்னா கெஜிக் காலையில் வேலை பார்ப்பார். புகையில் வாட்டிய வெள்ளைமீன். தோலோடு பிய்த்து வாயில் போட்டு, முள்ளை நாக்காலேயே ஒதுக்கிக் காகிதக் குவளையில் துப்பியபடி, அணைமதகின் இரும்புச் சட்டங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். தண்டர் பே நகரத்தில் அந்தப் பொறியியல் நிறுவனத்துக்கு லிஃப்டில் வருகிறவர்கள், கதவு திறப்பதற்கு முன்பே வெர்னா வந்துவிட்டதைத் தெரிந்துகொள்வார்கள்.

பல வருஷங்களுக்கு முன்னால் இந்த மீனுக்காகவே ஒரு சுற்றறிக்கை வந்தது. கடும் வாசனையுள்ள உணவைத் தவிர்க்கவும் என்று. இப்போது அலுவலகச் சமையலறையில், மைக்ரோவேவுக்கு நேர் மேலே, வெர்னாவின் படம் போட்ட சுவரொட்டி தொங்குகிறது. ‘எல்லோருக்கும் இங்கே இடமுண்டு.’ படத்தில் அவர் தலைக்கவசத்தோடு தொலைவில் எதையோ பார்த்துப் பூரிப்பாகச் சிரிக்கிறார். எதைப் பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், “சாப்பாட்டு வண்டி வந்துச்சு, வேறென்ன” என்பார். சுற்றறிக்கையை யாரும் திரும்பப் பெறவில்லை. வெர்னாவும் மீனை விடவில்லை.

ஐம்பதை எட்டப்போகும் வயது. குட்டையான, அகலமான உருவம். எந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்பும் அதை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். மற்றவர்கள் மூச்சுவிடாமல் பேசும் கூட்டங்களில் அவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் பலரைச் சங்கடப்படுத்தும். கேள்வி காதில் விழவில்லையோ என்று நினைத்து உரக்கக் கேட்பார்கள். “கேட்டுச்சு. யோசிக்கிறேன்” என்பார்.

அந்த நிறுவனத்தில் ஒவ்வொரு கூட்டமும், இந்த நிலம் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களுடையது என்ற நான்கு வரி வாசகத்தோடுதான் தொடங்கும். ஒரு மேலாளர் அதைத் தாளைப் பார்த்துப் படிப்பார். அந்த நேரத்தில் ஒஜிப்வேக்காரியான வெர்னா ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை பக்கத்தில் இருந்த ஷாதியிடம் மட்டும் சொன்னார்: “என் வீட்டுக்குள்ள உக்காந்துகிட்டு, இது உங்க வீடுதான்னு தினம் சொன்னா நான் என்ன பண்றது? எந்திரிச்சுப் போயி காபி போடவா?” ஈரானிலிருந்து வந்து இங்கே பொறியாளரானவர் ஷாதி. சிரிப்பை அடக்க முடியாமல் இருமிக்கொண்டே எழுந்து வெளியே போய்விட்டார்.

வெர்னா பிறந்தது வடக்கே மிஷிகே ஏரிக் கரையில். ஏரியின் குடாக்களில் ஒரு காலத்தில் மனோமின் என்கிற காட்டுநெல் படகே நுழைய முடியாதபடி அடர்ந்து நின்றது. ஆற்றின் கீழ்ப்புறத்தில் மின்சாரத்துக்காக அணை கட்டினார்கள். ஜூன் மாதத்தில் நெல்லின் இளம் இலைகள் நிமிராமல் நீரின் மேல் படுத்திருக்கும். அந்தச் சமயத்தில் நீர்மட்டம் சட்டென்று ஏறினால் இலை செடியை வேரோடு மேலே தூக்கிவிடும். மின்சாரத் தேவைக்கு ஏற்ப நீரை ஏற்றி இறக்கும் அணை இதை வருஷம் தவறாமல் செய்தது. வெர்னாவின் அத்தை மேபல் மணமாகி வந்த புதிதில் கதிர்களைப் படகுக்குள் வளைத்துத் தட்டி, படகு நிறைய நெல் சேர்த்தவர். பிறகு அவர் வீட்டில் கடை அரிசிதான்.

அந்த அணையின் மதகுகளை மாற்றியமைக்கும் வேலை போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு வெர்னாவின் நிறுவனத்துக்கு வந்தது. பழைய அணையை வரைந்ததும் இதே நிறுவனம்தான். இப்போது நல்லிணக்கத்துக்கென்று ஒரு குழு போட்டு, வெர்னாவைத் தலைவராக்கினார்கள். மதகு அறைக்கு ஒஜிப்வே பெயர், சுவரில் பெரிய ஓவியம், திறப்பு விழாவுக்கு மேளக்காரர்கள் என்று திட்டம் வளர்ந்தது. வெர்னா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். ஜூன் மாதம் முழுக்க நீர்மட்டம் அசையக்கூடாது, அதை இயக்க விதியாகவே எழுத வேண்டும். அணையின் உரிமையாளர்கள் மறுத்துவிட்டார்கள். மின்சாரம் குறையுமாம்.

வெர்னாவின் மேலாளர் கிரேம் நல்ல மனிதர். சண்டை என்றால் ஒதுங்கிப்போகிறவர். ஓவியத்தோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளலாமே என்று இதமாகச் சொல்லிப் பார்த்தார். வெர்னா வழக்கம்போல் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, “அந்த விதி இல்லாத வரைபடத்துல என் முத்திரை விழாது கிரேம்” என்றார். பொறியாளரின் முத்திரை இல்லாமல் ஒரு வரைபடமும் வெளியே போக முடியாது. வேறு யாரையாவது வைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டியிருக்கும், அதன் பிறகு வெர்னாவின் இடத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும் என்று மேலிடம் சொல்லியனுப்பியது. வரைபடம் ஷாதியின் மேஜைக்குப் போனது. அங்கேயும் முத்திரை விழவில்லை. மறுநாள் காலை ஷாதி தன் தட்டை எடுத்துவந்து வெர்னாவின் மேஜையில் உட்கார்ந்து மீன் கேட்டார், அவ்வளவுதான்.

முடிவு எதுவும் ஆகாமலே, நிறுவனம் ஏரிக்கரை மக்களிடம் பேசக் கூட்டிய ஊர்க்கூட்டத்தின் நாள் வந்துவிட்டது. மிஷிகே ஏரி சமுதாயக் கூடத்தில் கடமான் கறிச்சாறும் வாணலியில் சுட்ட பானக் ரொட்டியும் மேஜையில் ஆறிக்கொண்டிருந்தன. வாசலிலேயே மேபல் அத்தையின் மகன் எல்ராய் வெர்னாவை மடக்கினார்.

“வந்துட்டாடா கம்பெனிக்காரி. சுவரொட்டிய விட்டு எப்ப இறங்குன?”

“உன்னையும் ஒட்டலாம்னுதான் கேட்டேன். சுவரு தாங்காதுன்னுட்டாங்க.”

எல்ராய் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தி, “அம்மா முன் வரிசையில உக்காந்திருக்கு. பூசி மெழுகாத” என்றார்.

வெர்னாவின் நாற்காலி மேடையில், கிரேமுக்கும் உரிமையாளர்களின் வக்கீலுக்கும் நடுவில் போடப்பட்டிருந்தது. மொழிபெயர்க்க வேண்டியது வெர்னாதான். கிரேம் எழுந்து தலைமையகம் அனுப்பிய வருத்த அறிக்கையைப் படித்தார். கடந்த காலத்தில் சில தவறுகள் நிகழ்ந்தன, அவற்றால் பாதிப்புகள் ஏற்பட்டன, அதற்கு வருந்துகிறோம். வெர்னா ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் ஒஜிப்வேயில் சொன்னார்.

முன் வரிசையில் மேபல் அத்தை காதருகே கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒஜிப்வேயில் கேட்டார்.

“தப்பு நடந்துச்சுன்னா, யாரு பண்ணுனது?”

வெர்னா அத்தைக்கு ஏதோ சமாதானம் சொல்லி மேலே போயிருக்கலாம். கிரேமுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. வேலையும் பிழைத்திருக்கும். வெர்னா கிரேமின் பக்கம் திரும்பினார்.

“யாரு பண்ணுனதுன்னு கேக்குறாங்க.”

கிரேம் தாளைப் பார்த்தார். அதில் அந்தப் பதில் இல்லை. வக்கீல் வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். வெர்னா காத்திருந்தார். மௌனத்தில் காத்திருப்பது அவருக்குப் பழக்கம்தான், கிரேமுக்கு இல்லை. கடைசியில் கிரேம் தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

“நாங்கதான். எங்க ஆளுங்க வரைஞ்ச அணை. உங்கள ஒரு வார்த்தை கேக்கல. நெல்லு போகும்னு தெரிஞ்சுக்கவும் நெனைக்கல.”

வெர்னா இதையும் சொல் மாறாமல் மொழிபெயர்த்தார். மேபல் அத்தை காதிலிருந்து கையை எடுத்தார். “இப்ப அந்த ஜூன் மாசத்தப் பத்திச் சொல்லச் சொல்லு” என்றார். ஊர் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. வக்கீல் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது, சோதனையாக இரண்டு கோடைகள் மட்டும் ஜூனில் நீரை அசைக்க மாட்டார்கள், என்றார். அதற்கு மேல் இன்றுவரை யாரும் உறுதி சொல்லவில்லை. வெர்னாவின் பதவி உயர்வு ஒன்று சத்தமில்லாமல் தள்ளிப்போனது. கிரேமை மேலிடம் கூப்பிட்டுக் கடிந்துகொண்டது. அவர் திரும்பி வந்து, அதிகம் வலிக்கவில்லை என்று வெர்னாவிடம் சொன்னார்.

முதல் கோடையில் பெருமழை பெய்து கணக்கைக் கெடுத்தது. இந்தக் கோடையில் ஜூன் முழுக்க நீர் அசையாமல் நின்றது. தினமும் காலையில் வெர்னா மதகு அறைக்குத் தொலைபேசியில் பேசினார். “தண்ணி எப்படி இருக்கு?” என்று, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை விசாரிக்கும் குரலில் கேட்பதாக அங்கிருப்பவர்கள் கேலி செய்வார்கள்.

செப்டம்பரில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். எல்ராய் நின்றபடி நீண்ட கழியை ஊன்றிப் படகைத் தள்ள, வெர்னா முன்னால் உட்கார்ந்து, தேவதாரு மரத்தில் செதுக்கிய இரண்டு தட்டுக்கோல்களை மடியில் வைத்திருந்தார். கிழக்குக் குடாவின் மூலையில் காட்டுநெல் நின்றது. அடர்த்தியில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஆனால் கதிர் பிடித்து, தலை கனத்து நின்றது.

“அம்மாவுக்கு ஒரு வாய்க் கஞ்சிக்குத் தேறும். தட்டு” என்றார் எல்ராய்.

வெர்னா ஒரு கோலால் கதிர்களை அணைத்தார். படகுக்குள் வளைக்காமல் மறுபக்கம், தண்ணீரின் மேல் சாய்த்து, இன்னொரு கோலால் மெல்லத் தட்டினார். நெல்மணிகள் பொலபொலவென்று விழுந்து, அடுத்த ஆண்டுக்கு விதையாக ஒவ்வொன்றாக அமிழ்ந்தன. எல்ராய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கழியை ஊன்றிப் படகை அடுத்த கொத்தின் அருகே தள்ளினார். வெர்னா அதையும் வெளிப்பக்கமாகவே சாய்த்தார்.